காட்டு விலங்கு குறுக்கே வந்தால்: இரவில் கார் ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேலை முடிந்து, பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, இரவு பத்துக்கு மேல்தான் கோலாலம்பூரில் பல குடும்பங்கள் காரை எடுக்கின்றன. தைப்பூசத்துக்குப் பினாங்கு, தீபாவளிக்குக் கம்பம் (சொந்தக் கிராமம்), கல்யாண வீட்டுக்குக் குவாந்தான். சாலை காலியாக இருக்கும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. காட்டுப்பன்றியும், தாப்பிரும் (குட்டைத் தும்பிக்கை உள்ள பெரிய காட்டு விலங்கு), யானையும் சாலையைக் கடப்பதும் இரவில்தான்.

பன்றி அளவுள்ள விலங்கை நேராக மோதினால் பெரும்பாலும் பம்பர் போகும், ரேடியேட்டர் போகும். அதற்குப் பயந்து ஸ்டீயரிங்கை ஒடித்தால் எதிரே லோரி வரும், அல்லது பள்ளமும் மரமும் இருக்கும். மோதிய பிறகு “வண்டிக்கு என்ன ஆச்சு” என்று இறங்கிச் சாலையிலேயே நின்றால், பின்னால் வருகிற வண்டி அடிக்கும். உயிர் போவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் மிதிப்பதும், மோதிய பின் ஓடுபாதையை விட்டு விலகுவதும் பழகிவிட்டால் பாதிக்கு மேல் காப்பாற்றிக்கொண்டீர்கள்.

எங்கே, எப்போது

பினாங்கிலிருந்து பாலிங், கெரிக் வழியாகக் கிளந்தான் போகிறவர்கள் கெரிக்–ஜெலி கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையை யானைகளின் இடம் என்றே நினைத்து ஓட்ட வேண்டும். சாலை ஓரத்தில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் இளம்புல்தான் அவற்றை அங்கே இழுக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பெந்தோங், ராவுப், லிப்பிஸ் வழியாகக் குவா மூசாங் போகும் சாலையில் தாப்பிர் கடக்கும். மெராப்போ பக்கம் சுங்கை யூவில் விலங்குகள் அடியில் கடந்து போகவென்றே உயர்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பாலம் கண்ணில் பட்டால் நீங்கள் விலங்குத் தடத்தின் நடுவில் இருக்கிறீர்கள். ஜொகூரில் கோத்தா திங்கி–மெர்சிங் சாலையும் யானைக்குப் பேர் போனது. கிழக்குக் கரைப் பக்கம் போனால் வளர்ப்பு மாடும் எருமையும் சாலையில் படுத்திருக்கும். அவை காட்டு விலங்கு இல்லை, ஆனால் மோதினால் விளைவு ஒன்றுதான்.

காட்டுப்பன்றிக்குத் தனி ஊர் கிடையாது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகும் எந்தச் சாலையிலும் வரும், உதிர்ந்த பழம் அதற்குத் தீனி. டுரியான் காலத்தில் பாலிக் புலாவ் போன்ற தோட்டப் பகுதிகளில் இன்னும் தாராளமாக நடமாடும்.

நேரம் என்று பார்த்தால், அந்தி சாய்ந்து முதல் இரண்டு மணி நேரமும், விடிவதற்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரமும் மோசம். பின்னதில் ஓட்டுபவரின் கண்ணும் சேர்ந்து சொக்கும்.

கணக்கைப் பாருங்கள்

கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வந்தால் நிற்க ஏறத்தாழ 56 மீட்டர் வேண்டும். 90-ல் 82 மீட்டர். 110-ல் 113 மீட்டர். மழை பெய்திருந்தால் 90-லேயே 100 மீட்டர்.

லோ பீம் விளக்கு காட்டுவது சுமார் 50 மீட்டர்தான். அப்படியானால் லோ பீமில் 90-ல் போகிறவர், தன்னால் நிற்கவே முடியாத தூரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். இன்னொன்று: 70-ல் வந்தவர் முழுதாக நின்றுவிடும் அந்த 56-வது மீட்டரில், 90-ல் வந்தவர் இன்னும் ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். கூடுதல் வேகம் 20 கி.மீ. தான், அதுவே சிராய்ப்பில்லாமல் நிற்பதற்கும் முன்கண்ணாடி உடைவதற்கும் உள்ள வித்தியாசம். கூட்டரசுச் சாலையில் 90 வரை போகலாம் என்பது சட்டம் தரும் உச்சவரம்பு. காட்டுப் பகுதியில் இரவில் 70 தாண்டாதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

புறப்படும் முன்

முதலில் விளக்கு. மஞ்சள் பூத்த விளக்குக் கூட்டைப் பாலிஷ் போடுங்கள். பூட்டில் (காரின் பின்பக்கச் சாமான் அறையில்) சுமை ஏற்றினால் முன்பக்கம் தூக்கி விளக்கு வானத்தைப் பார்க்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் விளக்கின் உயரத்தைக் குறைக்கும் சக்கரம் இருந்தால், ஏற்றிய சுமைக்கு ஏற்பத் திருப்பி வையுங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள். பகலில் தெரியாத எண்ணெய்ப் படலம், இரவில் எதிர்விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்கப் பாலாகப் படரும். கறுப்புத் தாள் ஒட்டுபவர்களுக்கு: முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. வெயிலுக்காக அதைவிட அடர்த்தியாக ஒட்டியிருந்தால், இரவில் பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது.

டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே குற்றம். காட்டுச் சாலைக்கு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

பின் இருக்கையிலும் பெல்ட் கட்டாயம், 2009-லிருந்தே சட்டம். பிள்ளைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். இரவுப் பயணத்தில் பிள்ளை தூங்கட்டும் என்று பெல்ட்டைக் கழற்றி, பின் இருக்கையில் நீட்டிப் படுக்க வைப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். வண்டி 70-லிருந்து திடீரென்று நிற்கும்போது அந்தப் பிள்ளை முன் இருக்கைகளுக்கு நடுவில் பறந்து வரும். கட்டியபடியே தூங்கப் பழக்குங்கள்.

பூட்டின் அடியில் புதைக்காமல், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பை வையுங்கள்: ஒளிரும் மேலாடை இரண்டு, டார்ச், முக்கோண எச்சரிக்கைப் பலகை, தண்ணீர் 2 லிட்டர், கட்டுத்துணி, ரப்பர் கையுறை, பவர் பேங்க். கண்ணாடி உடைக்கும் சுத்தியலை மட்டும் ஓட்டுநர் கதவுப் பையில் வையுங்கள். கெரிக்–ஜெலி சாலையில் கைப்பேசிக்கு அலை கிடைக்காத பகுதிகள் உண்டு. “இத்தனை மணிக்கு ஜெலி வந்து கூப்பிடுகிறேன்” என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சாலையில் எதைத் தேட வேண்டும்

எதிரே வண்டி இல்லாதபோதெல்லாம் ஹை பீம் போடுங்கள். மான், மாடு, பூனை இனங்களின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. விளக்கு பட்டதும் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. “கண் மின்னவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை” என்று நம்புவதில் இதுதான் ஆபத்து.

தாப்பிர் இன்னும் ஏமாற்றும். மலாயில் தெனுக். தலையும் தோளும் நான்கு காலும் கறுப்பு, முதுகும் வயிறும் மட்டும் வெளிர் சாம்பல். தார்ச்சாலையின் கறுப்பில் தலையும் காலும் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்கும் வெளுத்த மூட்டை. ஓட்டுபவரின் மூளை அதை மூடுபனி என்றோ, லோரியிலிருந்து விழுந்த சாக்கு என்றோ எடுத்துக்கொள்ளும். அந்தச் சாக்கு சுமார் 300 கிலோ, தோள் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். காட்டுச் சாலையில் விளக்கொளியில் எது அடையாளம் தெரியாமல் வெளுப்பாகத் தெரிந்தாலும், முதலில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். என்னவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் லோ பீம் இட ஓரத்தைக் கொஞ்சம் நீளமாகக் காட்டும், வலப்பக்கத்தைக் குறைவாகக் காட்டும். வலமிருந்து வருவது தாமதமாகத்தான் தெரியும். நடுவே சிமெண்டுத் தடுப்பு உள்ள நெடுஞ்சாலையில் இன்னொரு சிக்கல்: பாதி கடந்த விலங்கு தடுப்பில் முட்டி, வந்த வழியே திரும்பி ஓடும். போய்விட்டது என்று வேகம் எடுக்காதீர்கள். பன்றியும் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும். முதலாவது கடந்துவிட்டால், பின்னால் குட்டிகளோடு இன்னும் ஐந்தாறு புதருக்குள் நிற்கும்.

முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு காரணமில்லாமல் எரிந்தாலும், எதிரே வருகிறவர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாலும், அது உங்களுக்கான தகவல்.

மோதும் முன் இரண்டு விநாடி

பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்து, மிதித்தபடியே வைத்திருங்கள். டயர் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பாதத்துக்கு அடியில் பெடல் தடதடவென்று உதறும், கரகரவென்று சத்தம் வரும். பிரேக் கெட்டுவிட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் உண்டு. அந்த உதறல்தான் பிரேக் வேலை செய்வதற்கு அடையாளம். விடாதீர்கள். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் டயர் பூட்டிக்கொண்டு சறுக்கினால் ஒரு கணம் தளர்த்தி மறுபடி மிதியுங்கள்.

ஸ்டீயரிங் நேராகவே இருக்கட்டும். உங்கள் தடத்துக்குள்ளேயே ஒரு முழம் நகர்வது சரி. கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்கோ சாலைக்கு வெளியேயோ போகவே கூடாது. நகர்வதானால் விலங்கின் பின்பக்கம் நோக்கி நகருங்கள். அது முன்னால்தான் ஓடும், பின்பக்கத்தில்தான் இடம் காலியாகும். கண்ணையும் அந்தக் காலியிடத்தில் வையுங்கள். விலங்கையே பார்த்தால் கை தானாக அங்கேதான் போகும்.

கைகள் ஸ்டீயரிங்கின் இரு பக்கமும், கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். நடுவில் கை வைத்திருந்தால் ஏர்பேக் விரியும்போது அந்தக் கையே முகத்தில் அறையும். முதுகும் தலையும் இருக்கையோடு ஒட்டியிருக்கட்டும்.

நாய், முசாங் (மரநாய்), குரங்கு போன்ற சிறிய விலங்கு என்றால், மனம் கேட்காது என்பது தெரியும். ஆனாலும் பிரேக் மிதித்து நேராகவே போங்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு லோரி வந்தால் அவ்வளவு கடுமையாகவும் மிதிக்காதீர்கள்.

உயரமான விலங்கு என்றால் கதை மாறும். மாடு, மான் போன்றவற்றின் கால்களைத்தான் பம்பர் அடிக்கும். உடல் பானெட் மேல் சறுக்கி, நேராக முன்கண்ணாடிக்கு வரும். மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்த கடைசிக் கணத்தில் பிரேக்கை விட்டால், குனிந்திருந்த வண்டியின் மூக்கு சற்று எழும்பும். உடல் கண்ணாடிக்கு வருவது அதனால் கொஞ்சம் குறையலாம். ஆனால் அதுவரை பிரேக்கை விடக்கூடாது. அந்தக் கணத்தைப் பிடிக்க முடியுமா என்று சந்தேகம் இருந்தால் இதை மறந்துவிட்டு, பிரேக்கிலேயே இருங்கள். வேகம் குறைவதுதான் பெரிய லாபம். கண்ணாடி உடையப் போகிறது என்று தெரிந்தால் தலையைக் கதவுப் பக்கமாகத் தாழ்த்துங்கள்.

பன்றி நேர்மாறு. உடல் தாழ்வு, கட்டை போன்ற கனம். பம்பருக்கு அடியில் புகுந்தால் முன்சக்கரம் அதன் மேல் ஏறி, வண்டி ஒரு பக்கம் தூக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் திரும்பியிருந்தால் வண்டி கவிழும். நேராகப் பிடிக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

யானை: மோதலே கூடாது

யானைக்கு முன்னால் கார் ஒரு தகரப் பெட்டி. மஞ்சள் பலகையில் யானைப் படம் பார்த்த இடத்திலிருந்தே வேகத்தைக் குறையுங்கள். சாலையில் நின்றால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம். ஹை பீம் வேண்டாம். இறங்கிப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். இன்ஜினை அணைக்காமல், பின்னால் வண்டி இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். காதை விரித்துத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்து நின்றால் அது எச்சரிக்கை. உடனே இன்னும் பின்வாங்குங்கள். ஓரமாக இடம் இருக்கிறதே என்று பக்கத்தில் நுழைந்து போகாதீர்கள்.

தெரியாமல் குட்டியை மோதிவிட்டால் தாய் பக்கத்திலேயே இருக்கும். 2025 மே 11, அன்னையர் தினத்தன்று விடியற்காலையில் கெரிக் அருகே லோரி மோதி இறந்த குட்டியை விட்டு அதன் தாய் மணிக்கணக்கில் நகரவே இல்லை; லோரியின் மேல் தலையை முட்டுக்கொடுத்தபடி நின்றது. அப்படி ஒரு நிலையில் வண்டி ஓடினால் உடனே அந்த இடத்தை விட்டுப் போய், தூரத்தில் நின்று தகவல் சொல்லுங்கள். ஓடாவிட்டால் விளக்கை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, சத்தமில்லாமல் உள்ளேயே இருங்கள்.

மோதிய பின் பத்து நிமிடம்

ஏர்பேக் விரிந்தால் உள்ளே வெண்புகை போல் தூசி பறக்கும், பட்டாசு வெடித்த வாடை அடிக்கும், காது அடைத்துக்கொள்ளும். வண்டி தீப்பிடித்துவிட்டது என்று கதவைத் திறந்து ஓடுபாதையில் குதிக்கிறார்கள். அது பெரும்பாலும் பொடிதான். கண்ணாடியை இறக்கி மூச்சு விடுங்கள்.

1. வண்டி உருளும்வரை அதைப் பயன்படுத்தி இட ஓரத்துக்கு, அவசரத் தடத்துக்குக் கொண்டுபோங்கள். நாலு பக்க சிக்னலைப் போடுங்கள். இன்ஜினை அணைத்து, கைப்பிரேக் போடுங்கள்.

2. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் கேளுங்கள். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்பவரை இழுக்காதீர்கள். தீயோ, நடுச்சாலையில் நிற்கும் ஆபத்தோ இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். ரத்தம் வழியும் இடத்தில் துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

3. கதவைத் திறக்கும் முன் டார்ச் அடித்து விலங்கு எங்கே என்று பாருங்கள். அடிபட்ட பன்றி எழுந்து நேராகப் பாயும். தாப்பிர் கடிக்கும். எது பக்கத்தில் உயிரோடு இருந்தாலும், வண்டி ஓடுபாதைக்கு வெளியே நிற்கிறது என்றால், பெல்ட்டோடு உள்ளேயே இருப்பது நல்லது.

4. ஆபத்து இல்லை என்றால் எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு வெளியே போங்கள். காருக்கு முன்னால் நிற்காதீர்கள். வண்டிகள் வரும் திசையில், காருக்குப் பின்னால் பத்து இருபது மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்னால் வருகிறவன் உங்கள் காரை மோதினால் கார் முன்பக்கம்தான் பாயும்.

5. முக்கோணப் பலகையைச் சாதாரணச் சாலையில் 50 மீட்டர் பின்னால், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வையுங்கள். நெடுஞ்சாலையில் தடுப்புக்கு வெளியே நடந்து போய் வைக்க முடிந்தால் மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

6. காயம் இருந்தாலோ, விலங்கு ஓடுபாதையில் கிடந்தாலோ 999. பிளஸ் நெடுஞ்சாலையில் 1-800-88-0000. விலங்கைப் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு 1-800-88-5151. சாலை ஓரக் கிலோமீட்டர்க் கல்லில் உள்ள எண்ணையும் திசையையும் முதலில் சொல்லுங்கள். “ஈப்போ தாண்டி எங்கேயோ” என்றால் ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டே இருக்கும்.

விலங்கை இழுத்து ஓரம் போட முயலாதீர்கள். இறந்த பன்றியைப் பூட்டில் ஏற்றிக்கொண்டு போகும் எண்ணமும் வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இறந்த விலங்குக்கும் பொருந்தும். தாப்பிர், யானை எல்லாம் முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை.

தொடர்ந்து ஓட்டலாமா

“ஸ்டார்ட் ஆகிறது, போகலாம்” என்று கிளம்பி, இருபது கிலோமீட்டரில் இன்ஜினைக் கருக்கிவிடுகிறார்கள். பம்பருக்குப் பின்னாலேயே ஏர்கான் கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. வண்டிக்கு அடியில் டார்ச் அடியுங்கள். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நீர், விரலில் தொட்டால் வழுவழுப்பு, இனிப்பு வாடை என்றால் கூலன்ட் ஒழுகுகிறது, ஓட்டக்கூடாது. ஏர்கானிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீருக்கு நிறமோ வாடையோ இருக்காது. எண்ணெய் ஒழுகினாலும் ஓட்டக்கூடாது. பன்றி அடியில் புகுந்திருந்தால் இன்ஜின் எண்ணெய்த் தொட்டி உடைந்திருக்கலாம். பெட்ரோல் வாடை வந்தால் இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

பானெட்டை அழுத்திப் பாருங்கள். கொக்கி வளைந்திருந்தால் வேகத்தில் காற்று தூக்கி, கண்ணாடியை முழுதாக மறைத்துவிடும். டயரில் பம்பர் உரசுகிறதா, விளக்கு இரண்டும் எரிகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் 60-க்கு மேல் போகாமல் அடுத்த ஓய்விடம்வரை போய், அங்கே இன்னொரு முறை பாருங்கள். சில சிறிய கார்களில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லோரிக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள உதவி எண்ணை முன்கூட்டியே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட், காப்புறுதி, உடம்பு

வண்டியைக் கழுவும் முன் படம் எடுங்கள். பம்பர் கிரில்லில் சிக்கிய முடி, ரத்தம், சாலையில் டயர் தடம், கிலோமீட்டர்க் கல். விலங்கு ஓடிப்போயிருந்தால் அந்த முடிதான் உங்கள் சாட்சி. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். எந்த விலங்கு, எந்தப் பக்கமிருந்து வந்தது, நீங்கள் என்ன வேகம், எதில் மோதினீர்கள் என்று நடந்தபடியே சொல்லுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் பட்டியலில் உள்ள பட்டறைக்குத்தான் வண்டி போக வேண்டும்.

முழுக் காப்புறுதி இருந்தால் விலங்கை மோதிய சேதத்துக்குக் கோரலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

வயிற்றில் பெல்ட் பட்ட இடம் கன்றிப்போய் வலி கூடினாலோ, வாந்தி, தலைச்சுற்றல், மரத்துப்போதல் வந்தாலோ, வலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணி என்றால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

காப்புறுதி கோருவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கோரினால் என்சிடி, அதாவது கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குத் தரும் பிரீமியக் கழிவு, பூஜ்ஜியமாகும். 55 விழுக்காடு வைத்திருந்தவர் அதை மறுபடி எட்ட, 0, 25, 30, 38.33, 45 என்று ஐந்து ஆண்டு ஏற வேண்டும். கழிவுக்கு முந்திய பிரீமியம் 1,500 வெள்ளி என்றால், அந்த ஐந்து ஆண்டில் கூடுதலாகக் கட்டுவது சுமார் 2,050 வெள்ளி. பட்டறைக்காரர் சொல்லும் தொகை அதற்குக் கீழே இருந்தால் கையிலிருந்து கொடுப்பதே லாபம். அப்போதும் போலீஸ் ரிப்போர்ட்டைத் தவறவிடாதீர்கள். முன்கண்ணாடி மட்டும் உடைந்து, அதற்குத் தனிக் காப்புறுதி எடுத்திருந்தால், அதைக் கோருவதால் என்சிடி குறையாது.